பித்தளைக் கம்பியும் ஒரு நற்சான்றிதழும்

1

இன்றோடு இரண்டு வருடம். என் மனைவி கௌரியும் மகள் ஆரணியும் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் இது. கௌரி காலையில் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் வேலை செய்யும் பிறம்ரன் கிடங்கில் சனிக்கிழமை லீவு. டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடி ஜன்னலடியில் தேத்தண்ணியோடு இருந்தேன். ஆரணி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, இதில சைன் பண்ணுங்கோ. மண்டே லாஸ்ற் டே."

"என்னது இது?"

"லைப்ரரியில சின்னப் பிள்ளையளுக்குக் கதை வாசிக்கிற வொலன்ரியர் வேலை. எல்லாம் நானே ஃபில் பண்ணிட்டன். நீங்கள் ஜஸ்ற் சைன் பண்ணினால் சரி."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பதின்மூன்று வயதில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் கதவைச் சாத்துகிறார்கள் என்று கௌரி சொல்வாள். இருக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியாது.

பேனையைத் தேடினேன். இந்த வீட்டில் வாங்குகிற பேனை எல்லாம் ஆரணியின் பள்ளிக்கூடப் பையில்தான் போய்ச் சேரும். கட்டிலுக்குக் கீழே இருந்த என் கருவிப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். அதில் எப்போதும் ஒரு பேனை கிடக்கும். கையை விட்டதும் முதலில் அகப்பட்டது விரல் நீளப் பித்தளைக் கம்பி.

ஊரில் இருக்கிற நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கைத்துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் தகடு மாற்றிக் கொடுத்ததற்காக என் மகள் தகப்பன் இல்லாமல் வளர்ந்தாள். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது நான் புறப்பட்டேன். பதினொரு வயதில் அவள் வந்தாள். அந்த ஏழு வருடத்தில் முதல் இரண்டும் அகதியாக வந்த எல்லாருக்கும் விதிக்கப்பட்டது. மிச்சம் ஐந்தும் இந்தக் கம்பியால் வந்தது. அது குற்றம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லை என்று வாதாடியாவது இருப்பேன்.

2

யாழ்ப்பாணத்தில் நான் தையல் மெசின் திருத்துகிறவன். சைக்கிளில் பையைக் கொழுவிக்கொண்டு மானிப்பாயிலிருந்து சங்கானை வரை வீடு வீடாகப் போவேன். ஊசி ஒரு மயிரிழை விலகினாலும் நூல் அறும். அந்த மயிரிழையைச் சரியாக்குவதுதான் என் தொழில். இங்கே வந்து பார்த்தால், சட்டை கிழிந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்குகிறார்கள். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன்.

அப்போது ஸ்காபரோவில் வோல்ரர் என்பவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். மனைவி இல்லை. மேற்கே எங்கோ இருந்த ஒரே மகன் நத்தாருக்கு மட்டும் போன் எடுப்பான். வோல்ரருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே சந்தோஷம், புதன்கிழமை தோறும் சுடும் கழகத்துக்குப் போய்க் கடதாசி வட்டத்தைச் சுடுவது. அவருடைய கைத்துப்பாக்கி ஒரு பெட்டியில் பூட்டியிருக்கும். பெட்டி ஒரு இரும்பு அலுமாரியில் பூட்டியிருக்கும். வைத்திருக்க ஒரு பத்திரம், கழகத்துக்குக் கொண்டுபோக இன்னொரு பத்திரம். நாங்கள் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லி வளர்ந்தவர்கள். இந்த மனிசன் துவக்கை வைத்துக்கொண்டு பயமில்லாமல் நித்திரை கொள்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒரு நாள் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று சொல்ல மேலே போனேன். குசினி மேசையில் துப்பாக்கியின் மேல்பாகத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரு ஸ்குறூ றைவரை அதன்மேல் நட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கி, பழைய குறி தெரிவதில்லையாம். தபாலில் பெரிய குறி ஒன்று வாங்கியிருக்கிறார். அதைப் பூட்ட துப்பாக்கிக் கடைக்காரன் கேட்கிற கூலி அதிகம். குறியைத் தள்ளுவதற்கென்றே ஒரு கருவி விற்கிறார்களாம். அதன் விலை குறியின் விலையைவிடக் கூட. வாத விரல்களால் தானே செய்யப் பார்த்து, கறுப்பு இரும்பில் பளிச்சென்று ஒரு கீறலைப் போட்டுவிட்டார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இரும்பை இரும்பால் அடிக்கக்கூடாது" என்றேன் என் உடைந்த ஆங்கிலத்தில்.

"பின்னே எதால் அடிப்பது?" என்று கேட்டார்.

கனடாவுக்கு வந்த பிறகு எனக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அதுதான்.

3

இந்த வேலையை வீட்டில் இருந்து மலிவாகச் செய்ய என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒப்புவிப்பேன். கேட்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

பின்குறி என்பது இரும்பில் குறுக்காக வெட்டிய ஒரு காடிக்குள் இறுக்கமாக உட்காரும் சின்னத் தகடு. அடி அகன்று மேல் ஒடுங்கிய காடி என்பதால் மேலே இழுத்து எடுக்க முடியாது. பக்கவாட்டில்தான் தள்ளவேண்டும். தட்டுகிற கம்பி இரும்பைவிட மென்மையானதாக இருக்கவேண்டும். பட்டால் கம்பிதான் நசியவேண்டும். அதற்குக் கடையில் போய்க் காசு கொடுக்கத் தேவையில்லை. குப்பையில் கிடந்த ஒரு மேசை விளக்கின் பித்தளைத் தண்டை விரல் நீளத்துக்கு அறுத்து முனையை அராவினேன். சுத்தியலுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. சின்னதாக, தலை ஆடாததாக இருந்தால் போதும்.

காசு கொடுக்கவேண்டிய சாமான் இரண்டுதான். ஒன்று, மேசையில் பூட்டி இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ். பிடி ஆடினால் எல்லாம் ஆடும். ஸ்ரௌவ்வில் பக்கத்துப் பழைய சாமான் சந்தைக்கு வோல்ரரின் காரில் போய்ப் பாரமான ஒன்றை வாங்கினோம். பளபளத்த புதியதை அவர் எடுக்க, நான் பறித்துத் திரும்ப வைத்தேன். அது தகரம். வைஸின் பல்லுக்கு என் பழைய தோல் பெல்ற்றை வெட்டி ஒட்டினேன். மற்றது, தகட்டை இறுக்குகிற திருகாணியின் காடிக்கு அளவாகப் பொருந்துகிற ஸ்குறூ றைவர். பன்னிரண்டு ஒரு பெட்டியில் மலிவாக வருகிறதே என்று வாங்கினால் பன்னிரண்டும் ஆணித் தலையைச் சிதைக்கும். ஒன்றை வாங்கி, அரத்தால் அளவாக்கிக்கொள்ளவேண்டும்.

பழைய இடத்தைப் பென்சிலால் அடையாளம் வைத்து, ஒரு நாள் எண்ணெயில் ஊறவிட்டுத் தட்டினேன். பழையது கழன்றது. புதியது காடிக்குள் போக மறுத்தது. அப்போது காடியை அராவக்கூடாது. தகட்டின் அடியைத்தான் அராவவேண்டும். பழுதானால் மலிவான சாமான் பழுதாகட்டும். கடைசியாக நுணுக்கமாக நகர்த்துவதற்கு ஜீ கிளாம்ப் என்கிற திருகுப் பிடியில் பித்தளைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, திருகத் திருகத் தள்ளும்படி செய்தேன். கடையில் விற்கிற கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது, பெரிய விலைக்கு.

முன்குறியில் வெள்ளைப் பொட்டு வைத்தால் கிழவரின் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதற்கு நகப்பூச்சைவிட மலிவான மை கிடையாது. தமிழ்க் கடை ஒன்றில் வெள்ளை நகப்பூச்சு எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். கல்லாவில் நின்ற அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"உது ஆருக்கு அண்ணை? மனிசி இன்னும் கொழும்பிலதானே?"

துவக்குக்கு என்று சொல்ல முடியுமா? "மகளுக்கு" என்றேன். இரண்டு கிழமைக்குள் கௌரி போனில் கேட்டாள், "நகப்பூச்சு ஆருக்கு வாங்கினனீங்கள்?" என்று. குடிவரவுக் கந்தோரில் கிடந்த என் அகதி விண்ணப்பம் ஒரு அடி நகரவில்லை. அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்விட்டது.

முதல் புதன்கிழமை சுட்ட சூடு இரண்டு விரற்கடை இடப்பக்கம் போனது என்றார் வோல்ரர். சூடு எந்தப் பக்கம் போகவேண்டுமோ பின்குறியை அந்தப் பக்கம் தள்ளவேண்டும். வலப்பக்கம் கிளாம்பைக் கால் திருகு திருகினேன். அடுத்த புதன்கிழமை ஒரு கடதாசி வட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஓட்டை எல்லாம் நடுவில். அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். பிள்ளைகளின் படம் ஒட்டுகிற இடத்தில் என் வேலை தொங்கியது. எனக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்தத் துப்பாக்கியை முழுதாக நான் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. கழற்றிய மேல்பாகம் மட்டும்தான். எனக்கு அது ஊசி விலகிய மெசின்.

4

வந்து இரண்டு வருடத்தில் என்னை அகதி என்று ஏற்றுக்கொண்டு, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்படி சொன்னார்கள். கௌரியையும் ஆரணியையும் அதிலேயே சேர்க்கலாம். படிவத்தை நிரப்பித் தந்தவர் யோகண்ணை. எனக்கு ஐந்து வருடம் முன்னரே வந்தவர் என்பதால் எல்லாம் தெரிந்தவர்.

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்வதானாலும் வேலைக்கு எழுதுவதானாலும் நற்சான்றிதழ் இணைக்காமல் விண்ணப்பம் போகாது. அதிபர் ஒன்று, சமாதான நீதவான் ஒன்று, கிராம அலுவலரான விதானையார் ஒன்று. என்னிடம் மூன்றும் இருந்தன. பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தேன். கந்தோர் அனுப்பிய பட்டியலில் நற்சான்றிதழ் என்ற சொல்லே இல்லை.

"கேக்கேல்லை எண்டால் வைக்கக்கூடாதெண்டு இல்லை" என்றார் யோகண்ணை. "உன்ர விதானையாரை உவங்களுக்கு ஆரெண்டு தெரியும்? ஒரு வெள்ளையன்ர கடிதம் வை. ஃபைல் பறக்கும்."

எனக்குத் தெரிந்த வெள்ளையர் ஒருவர்தான். வோல்ரர் மகிழ்ச்சியோடு எழுதித் தந்தார். அகராதியை வைத்து வரி வரியாக வாசித்தேன். 'இவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். நேர்மையானவர், அமைதியானவர். என் கைத்துப்பாக்கிகளுக்குக் குறி பூட்டிச் சரிசெய்து தருபவர் இவரே. இந்த வேலையில் இவரைப் போன்ற கை எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை.'

துப்பாக்கி ஒன்றுதான். கிழவர் சும்மா பெருமைக்குப் பலதாக்கிவிட்டார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. என் கையைப் பற்றி யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதே தலைக்கு ஏறிவிட்டது.

ஊரில் என்றால் துப்பாக்கி என்ற சொல் இருந்த கடிதத்தை அப்படியே அடுப்பில் போட்டிருப்பேன். இங்கே வந்து இரண்டு வருடத்தில் அந்தப் பயம் எனக்கு விட்டுப்போயிருந்தது. வோல்ரர் நித்திரை கொள்வதுபோல நானும் கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். யோகண்ணையும் வாசித்தார். "சோக்கான கடிதம்" என்றார். விண்ணப்பத்தின் மேலேயே வைத்துக் கட்டினோம்.

5

ஒரு வருடம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டியை யோகண்ணையிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மொழிபெயர்க்கச் சென்னைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அதிகாரி வோல்ரரின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல சொல்லியிருக்கிற வேலைய விளக்கமா சொல்லச் சொல்றார்" என்றாள் அந்தப் பெண்.

இருபது நிமிடம் பேசினேன். வெட்கக்கேடு, சந்தோஷமாகப் பேசினேன். பித்தளை ஏன் வேண்டும், வைஸை எப்படித் தெரிந்தெடுப்பது, தகட்டை எந்தப் பக்கம் தள்ளுவது, கால் திருகுக்குச் சூடு எவ்வளவு விலகும். கையால் காட்டினேன். கனடாவில் என் தொழிலைப் பற்றி யாரும் என்னை அவ்வளவு நேரம் கேட்டதில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்போல எனக்கு அவர் தெரிந்தார்.

"இத எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறார்."

"யாழ்ப்பாணத்தில. தையல் மெசின் திருத்திப் பழகினது."

அவள் ஒரு கணம் தயங்கித்தான் மொழிபெயர்த்தாள். அதிகாரி பேனையை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"வேற யாருக்காவது இப்படிச் செஞ்சு குடுத்திருக்கீங்களான்னு கேக்கறார்."

அனுபவம் போதாது என்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவசரப்பட்டுச் சொன்னேன்.

"இன்னும் இல்லை. ஆனா ஆர் கேட்டாலும் செய்து குடுப்பன். நல்லாச் செய்வன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். அவளுடைய வேலை அதுதானே.

6

பிறகு நான்கு வருடம். எப்போது கேட்டாலும் ஒரே பதில், பாதுகாப்பு விசாரணை நடக்கிறது. கௌரி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், தமிழர் கையில் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டோடு இருந்தாள். ஆரணி போனில் முதலில் "அப்பா எப்ப எங்களை எடுப்பீங்கள்" என்று கேட்பாள். பிறகு "சுகமோ" என்று மட்டும் கேட்டாள். பிறகு கௌரி அதட்டினால்தான் போனுக்கு வந்தாள். "மகள் எங்கை" என்று கேட்டால், "பக்கத்தறைப் பிள்ளையோட விளையாடுறாள், விடுங்கோவன்" என்பாள் கௌரி. எனக்குப் பின்னர் வந்தவர்களின் பெண்சாதிகள் வந்து, பிள்ளை பெற்று, வீடும் வாங்கிவிட்டார்கள்.

கடைசியில் தமிழ் நிலையம் ஒன்றில் வேலை செய்த பெண் ஒருத்தி என் கோப்பின் பிரதியை எழுதிக் கேட்டு எடுத்துத் தந்தாள். பாதிப் பக்கம் கறுப்பு மையால் மூடியிருந்தது. வோல்ரரின் கடிதம் மட்டும் முழுதாக இருந்தது. 'கைத்துப்பாக்கிகளுக்கு' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் பேனையால், 'எங்கே பயின்றார்?'

கௌரிக்குப் போனில் சொன்னேன்.

"உங்களிட்ட ஆர் அந்தக் கடிதத்தைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"நாங்கள் இஞ்ச துவக்கைக் கண்டு ஓடி ஒளிச்சுத் திரியிறம். நீங்கள் அங்க போய் வெள்ளையன்ர துவக்குக்குப் பொட்டு வைச்சிருக்கிறியள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பிரதியை வோல்ரரிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார்.

"நான் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லையே" என்றார்.

"இல்லை" என்றேன்.

"இன்னொரு கடிதம் எழுதுகிறேன். இவர் என் துப்பாக்கியை எப்போதும் என் கண் முன்னால்தான் தொட்டார் என்று எழுதுகிறேன்."

"வேண்டாம் வோல்ரர். தயவுசெய்து ஒன்றும் எழுதவேண்டாம்."

எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த கடதாசி வட்டத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் முழுவதும் என்மேல்தான். இருபது நிமிடம் வாய் கிழியப் பேசிய அந்த மடையன்மேல்.

பிறகு என்ன மாறியது, யார் எதை நம்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கௌரிக்கும் பிள்ளைக்கும் விசா தருவதாக ஒரு நாள் கடிதம் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் கௌரியைக் கண்டதும் ஓடிப்போனேன். அவளுக்குப் பக்கத்தில், அவளுடைய தோள் உயரத்துக்கு ஒரு பிள்ளை பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. பையை வாங்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம் அங்கிள், நான் தூக்குவன்" என்றாள்.

கௌரி அவளுடைய முதுகில் ஒரு அடி வைத்தாள். நான் சிரித்துச் சமாளித்தேன். கார் ஓட்ட வந்த யோகண்ணை மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

7

பேனை பெட்டியின் அடியில் கிடந்தது. படிவத்தைத் திருப்பினேன். ஆரணி எல்லாம் அழகாக ஆங்கிலத்தில் நிரப்பியிருந்தாள். கடைசியில் பெரியவர் ஒருவர் உறுதிப்படுத்தும் பகுதி. பெயர்: என் பெயர். உறவு: தகப்பன். விண்ணப்பதாரியை எவ்வளவு காலமாகத் தெரியும்: இரண்டு வருடம்.

அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இதில ஒரு பிழை விட்டிட்டாய்."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ஏன், ரூ இயர்ஸ்தானே? இண்டைக்குத்தானே அனிவேர்சரி எண்டு அம்மா காலமை சொன்னவ."

"நீ பிறந்ததில இருந்து எனக்குத் தெரியும். நாலு வயது மட்டும் நான்தான் உன்னைச் சைக்கிள் பாரில வைச்சு எல்லா இடமும் கொண்டு திரிஞ்சனான். மெசின் திருத்துற வீடுகளில உனக்கு விசுக்கோத்து தருவினம்."

ஆரணி என் முகத்தைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். நல்ல பிள்ளை, மெய்யாகவே யோசித்தாள்.

"எனக்கு அது ஒண்டும் ஞாபகம் இல்லை, அப்பா. வேணுமெண்டால் மாத்துறன். ஆனா கீழ ட்ரூ எண்டு சைன் பண்ணவேணும், பாருங்கோ."

பார்த்தேன். மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என்று உறுதிப்படுத்துகிறேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கோடு.

"மாத்தவேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.